எதிர் வீட்டு அலைவரிசை

செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கைக்குழந்தையின் குரலில் அழ ஆரம்பித்தபோது, ரேடியோக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கம்பெனியில் ரேடியோப் பெட்டிகளுக்கு சர்க்யூட் வரைகிற வேலை. போதாதென்று வீட்டுக்கும் அதையே தூக்கிக்கொண்டு வருவார். சாப்பாட்டு மேஜையில் பாதி அவருடைய ஒயர்களுக்கு. ஒதுங்கின இடத்தில்தான் தட்டு.

"செய்தியில அப்படி என்னங்க சோகம்?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"செய்தி இல்ல. வேற ஒரு அலை உள்ள பூந்துடுச்சு."

விளக்கம் கேட்காமலே விளக்குவது அவர் சுபாவம். "வெளியிலிருந்து வர்ற அலையோட, பெட்டியே ஒரு அலையை உண்டாக்கிக் கலக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைத்தான் நாம கேக்கறோம். நம்ம அலைக்கு ஒரு படி மேல ஒருத்தன், ஒரு படி கீழ ஒருத்தன்னு நின்னா, பெட்டிக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"அப்ப வாசல்லயே ஆளைப் பார்த்து அனுப்பறதுதானே?"

வாசலில் வைக்க வேண்டிய வடிகட்டியைத்தான் அவர் 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தார். சரியாகச் சொல்லிவிட்டாளே என்ற எரிச்சலில் குமிழைத் திருகினார்.

பெட்டி பேசியது. "அழாதடி செல்லம். தாத்தா வந்துட்டேன்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனி மேனேஜரின் குரல். எதிர் வீட்டில் குடியிருப்பது அவருடைய மகள். தொட்டிலருகே ஒரு பெட்டி, கூடத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்கும். அந்த அலைதான் வழி தவறி இங்கே வந்திருக்கிறது.

மேனேஜர் தொடர்ந்தார். "தலைமை டிசைனர் பதவியை உங்க எதிர் வீட்டுக்காரருக்கே குடுத்துடலாம்னு இருக்கேம்மா. வாயில்லாப் பூச்சி."

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். வருஷக்கணக்காக அவர்கள் வழி பார்த்துக்கொண்டிருந்த பதவி. கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரர் வேறு அதற்கு அடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வடிகட்டி மாட்டிடறேன்" என்றார் ரேடியோக்காரர், கொஞ்சம் நியாயவானாக.

"கையை ஒடிச்சுடுவேன். இன்னும் தெளிவாக் கேக்க வழி பண்ணுங்க."

அவர், அலையை உண்டாக்கும் கம்பிச்சுருளின் மேல், அந்த அலை வெளியே கசியாதபடி வைத்திருந்த தகர மூடியைக் கழற்றி, சுருளை லேசாகத் திருகினார். மேனேஜரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. மூடி போனதும் அவர் பேசினாலே சுருள் அதிர ஆரம்பித்தது. அவர் பேச்சுக்கு அதிர்கிற பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

"வாயில்லாப் பூச்சியாம்" என்று சிரித்தார். "அவரு பேச விட்டாத்தானே நாம பேச. சர்க்யூட் படத்தைத் தலைகீழாக் குடுத்தா, அப்படியே பார்த்துட்டு 'பிரமாதம்'னு கையெழுத்துப் போடற மனுஷன்."

"மெதுவாங்க."

"இந்த வீட்டுல பேசறது யாருக்குக் கேக்கப் போகுது?"

மறுநாள் மாலை பெட்டி வேறு பாட்டுப் பாடியது. "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். தப்புக் கணக்கும்மா. யோசிக்கணும்."

"யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள் மனைவி.

"வேற யாரு, பக்கத்து மேஜைதான். இவரும் எவன் கடைசியா காதுல ஊதினானோ அவன் பக்கம் சாயற ஆளு."

"குழந்தைக்கு ஏதாவது வாங்கிட்டுப் போய்ப் பாருங்க. தாத்தா சாயல்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பாவம், அந்தக் குழந்தை எனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?"

இருந்தாலும் அடுத்த நாள் கிலுகிலுப்பையோடு போனார். "அப்படியே தாத்தா" என்று கன்னத்தைத் தடவினார். மேனேஜர் மோட்டுவளையைப் பார்த்தார். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு திரும்பிப் பெட்டியைப் போட்டால், "என்னமா நடிக்கிறான் பார்த்தியா" என்கிறது.

"நடிப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா? நீங்க சும்மா இருந்திருந்தாலே பதவி வந்திருக்கும்."

"உன் யோசனைதானே?"

"நான் சாயல்னு சொல்லச் சொன்னேன். மேடை ஏறச் சொல்லல."

அன்றைக்கு மூண்ட சண்டையில் மேனேஜர், அவருடைய தொப்பை, மீட்டிங்கில் அவர் விடும் குறட்டை, பக்கத்து மேஜைக்காரர், இரண்டு பக்கத்துச் சம்பந்திகள் எல்லோரும் வந்து போனார்கள். சுருள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாலை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் போட்டார். மேனேஜர் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னிக்கு முடிவு பண்ணிடறேம்மா."

"போதுங்க" என்றாள் மனைவி. "ஒட்டுக் கேட்ட பாவம்தான் இது. வர்றது வரட்டும், மூடுங்க."

ரேடியோக்காரருக்கும் அதுதான் சரியென்று பட்டது. முதல் நாளே மாட்டியிருக்க வேண்டிய வடிகட்டியை மாட்டினார். தகர மூடியை வைத்து நாலு பக்கமும் பற்றவைத்தார். செய்தி சுத்தமாக வந்தது. குழந்தை இல்லை, தாத்தா இல்லை. பெருமையோடு மனைவியைப் பார்த்தார். அவளும் நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு ஒரு காபி கலந்து கொடுத்தாள்.

முதல் வாய் குடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டு மகள், இடுப்பில் குழந்தையோடு, மூச்சு வாங்க நின்றாள்.

"ஏன் அண்ணா நிறுத்திட்டீங்க? எங்க கூடத்துப் பெட்டியில உங்க வீட்டுப் பேச்சைக் கேக்கத்தான் அப்பா தினமும் வேலையை விட்டு ஓடி வர்றாரு. இன்னிக்கும் நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டுத்தான் பதவி யாருக்குன்னு முடிவு பண்ணுவேன்னு பிடிவாதமா உக்காந்திருக்காரு."