மீற்றர் அண்ணையின் சொந்தக்காரர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொந்தக்காரர் அதிகம் உள்ள மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், உடுப்பிட்டி மீற்றர் அண்ணைக்கு முதற்பரிசைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பரிசுகளையும் அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு வரலாம். அவருக்கு நானூற்றுச் சொச்சம் சொந்தக்காரர். அவர்களில் ஒருவரைக்கூட அவர் நேரில் கண்டதில்லை. எல்லோரும் வெள்ளைக்காரர். பெரும்பாலானோர் செத்துப்போனவர்கள். எல்லோருமே புத்தகங்களாக அவர் வீட்டு முன்னறை அலமாரியில் நின்றார்கள்.

மீற்றர் அண்ணை என்பது ஊர் வைத்த பெயர். வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசிக்கும் உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர். இடக்கைக்காரர். யுத்த காலத்தில் ஊரில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதும் சைக்கிளில் வந்து இறங்குவார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மீற்றரின் தூசியைத் துடைப்பார். போன மாதத்து இலக்கத்தையே இந்த மாதமும் இடக்கையால் எழுதிக்கொண்டு போவார். என் அப்பா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கம்பத்தில் கம்பியே இல்லை, நீர் என்னத்தை வாசிக்கிறீர் என்று கேட்டார். அண்ணை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பதில் சொன்னார்.

"ஓடுறது மீற்றரின்ரை வேலை. வாசிக்கிறது என்ரை வேலை."

அவருடைய குடும்பப் பெயர் பெலிங்டன். உடுப்பிட்டியில் எப்படி ஒரு பெலிங்டன் என்று வெளியூர் வாசகர்கள் திடுக்கிடலாம். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இங்கே அமெரிக்க மிஷன்காரர் விடுதிப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைக் கடல் கடந்து ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டால், அந்தக் குடும்பத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். காலையில் கந்தன் என்று உள்ளே போன பிள்ளை பின்னேரம் பெலிங்டன் என்று வெளியே வரும். மீற்றர் அண்ணையின் பூட்டன் அப்படி உள்ளே போய் வெளியே வந்தவர்.

"படிப்பிச்சவன் தகப்பன்தானே, தம்பி," என்பார் அண்ணை. "உலகத்திலை எத்தினை கோடிப் பிள்ளையள். அந்தச் சனம் எங்கடை பூட்டனைத்தான் தெரிஞ்செடுத்தது."

இந்தத் 'தெரிஞ்செடுத்தது' என்ற சொல்லில்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் ஏறி உட்கார்ந்திருந்தது. தெரிந்தெடுத்த குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஆகவே பெலிங்டன் என்ற பெயருள்ள எவர் எழுதிய புத்தகமானாலும், அந்தப் பெயருள்ள எவரைப் பற்றிய புத்தகமானாலும் சேர்க்கத் தொடங்கினார். கனடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சொக்லேற் கேட்போம். அவர் பெலிங்டன் கேட்பார். எங்கெங்கோ பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடி, பொதி நிறையைக் கூட்டி, முனகி முனகிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த அலமாரியை முதன்முதல் பார்த்த அன்று நான் திகைத்துப்போனேன். நானும் கொஞ்சம் புத்தகம் படித்தவன் என்ற நினைப்பில் உள்ளே போனேன். முதலாவது தட்டில் பன்றிகளுக்கு வரும் குடல் நோய்கள் என்ற புத்தகம் இருந்தது. பக்கத்தில் ஞாயிறு பள்ளிப் பாட்டுகள். அதற்குப் பக்கத்தில் நீராவி எஞ்சின் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் முறை. ஒரு குத்துச்சண்டைக்காரனின் சரித்திரம், கயிற்று முடிச்சுகளின் அகராதி, துருவத்துப் பாசிகள், ஒரு மனிதன் தேனீக்களுடன் நடத்திய வழக்கு. ஒரு நாவலுக்கு மட்டும் பிறவுண் பேப்பரில் உறை. கையை நீட்டினேன்.

"கையைப் பின்னாலை கட்டும், தம்பி. குடும்பத்து ஆக்கள் மட்டும்தான் தொடலாம். நான் எடுத்துக் காட்டுறன்."

பாடசாலைப் பிள்ளைபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். பன்றி டொக்டர் பெரியப்பா முறை. கொதிகலன்காரர் சின்னத்தாத்தா, கோபக்காரர், ஆனால் கை சுத்தம். பிறவுண் பேப்பரைத் தொட்டபோது குரலைத் தாழ்த்தினார். "உவ கொஞ்சம் ஒரு மாதிரி. மனசு நல்லது."

கடைசித் தட்டில் ஒரு புத்தகம் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி நின்றது. அதிலே இருந்த பெலிங்டன் மூன்று மனைவிமாருக்கு நஞ்சு கொடுத்துத் தூக்கில் தொங்கியவன். அந்தப் புத்தகம் வந்த கிழமை ஊரே கலங்கியது. அண்ணை கையில் கறுப்புப் பட்டியுடன் வாசலில் கதிரை போட்டு இருந்திருக்கிறார். கண்டவர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, பிளாஸ்ரிக் கதிரைகள் வந்து இறங்கின. சங்கக்கடை மனேஜர் தேத்தண்ணிப் போத்தலோடு வந்தார். போதகர் வேதாகமத்தோடு வந்தார். எப்போது காரியம் நடந்தது என்று போதகர் மெல்லக் கேட்டார்.

"கயிறு போட்டது நூறு வருசத்துக்கு முந்தி, ஐயா. நான் வாசிச்சு முடிச்சது நேற்றுத்தான்."

போதகர் வேதாகமத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, வந்ததற்கு ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போனார்.

அலமாரியின் நடுத்தட்டில், பாட்டுகளுக்கும் கொதிகலனுக்கும் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. நானூறு புத்தகம் நெருக்குப்பட்டு நிற்க, அந்த இடத்தில் மட்டும் ஒரு தாள்கூட இல்லை. அது யாழ்ப்பாணத்துப் பெலிங்டனின் புத்தகத்துக்கு. உலகத்திலுள்ள பெலிங்டன்கள் பன்றியைப் பற்றிக்கூட எழுதிவிட்டார்கள். எங்களுடைய பக்கம் ஒரு வரி இல்லை என்பதுதான் அவருடைய மாறாத துயரம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தமையனின் ஒரே மகள் நோர்வேயில் கலியாணம் செய்து புருசன் பெயருக்கு மாறிவிட்டாள். அவரோடு பெயர் முடிகிறது. முடிவதற்குள் அந்த இரண்டு விரல் இடம் நிரம்ப வேண்டும்.

தானே எழுதிப் பார்த்தார். சுயசரிதை. என்னிடம் காட்டினார். முப்பது வருடம் மீற்றர் வாசித்த கை அல்லவா? 'பிறந்தது. ஞானஸ்நானம். உத்தியோகம். நாய் கடித்தது. கலியாணம். நாய் கடித்தது. இளைப்பாறல்.' ஒன்றரைப் பக்கத்தில் வாழ்க்கை முடிந்துவிட்டது. இரண்டாவது நாயைப் பற்றி விரிவாக எழுதலாமே என்றேன். அது அதே நாய்தான் என்றார்.

அந்தக் காலத்தில் என்னுடைய கட்டுரைத் தொகுதி ஒன்று வெளிவந்திருந்தது. வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் முகத்துக்காக வாங்குவதோடு முடிந்துவிடும் வகைப் புத்தகம். ஒரு பிரதியை அண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார்.

"உதிலை பெலிங்டன் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை, அண்ணை."

"எழுதினது?"

"நான்தான்."

"அப்ப மேசையிலை வையும்."

மேசையில் வைத்தேன். அவருடைய மனைவி ராணி அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். அடுத்த ஏழு வருடமும் எனக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி என் புத்தகத்தின் மேல்தான் வந்தது. அட்டையில் என் படத்தின் நெற்றியைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்து, நாளடைவில் எனக்கு ஒரு தெய்வீகக் களை வந்துவிட்டது.

போன வருடம்தான் அந்த இடி விழுந்தது. நோர்வேயிலுள்ள தமையன் மகள் இணையத்தில் ஒரு பழைய புத்தகத்தைக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தாள். பூட்டனைப் படிப்பித்த அதே பெலிங்டன் சீமாட்டி எழுதிய நினைவுகள். மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்கு வந்த கடிதங்களும் உள்ளே இருந்தன. அண்ணை நெல்லியடிக்குப் போய் அச்செடுத்து, நீல மட்டை கட்டுவித்து, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். சித்திரை வெயில். அவர் கண் சத்திரசிகிச்சை செய்திருந்தபடியால் நான் வாசிக்க வேண்டும். ஆனால் புத்தகத்தை அவர்தான் பிடிப்பார். நான் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருடைய இடக்கை விரல் ஒவ்வொரு வரியின் கீழும் ஊர்ந்து வந்தது. மீற்றர் வாசித்த விரல். ஓர் இலக்கத்தையும் தாண்டவிடாது.

ஆகையால் பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்று இருந்த அந்தப் பக்கம் வந்தபோது எனக்குத் தப்ப வழி இருக்கவில்லை.

'தங்கள் பெலிங்டன் சென்ற மாதம் மதிலேறிப் போய்விட்டான். போர்வையையும் சிலேற்றையும் கொண்டுபோயிருக்கிறான். தாங்கள் மனம் வருந்த வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பையனுக்குத் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம். உடுப்பிட்டிக்காரன். இடக்கையால் எழுதுகிறான், திருத்த முயன்றுகொண்டிருக்கிறோம். முந்தினவனைவிடச் சாந்தமானவன். சாப்பாடும் குறைவு.'

அதற்குக் கீழே சீமாட்டி ஒரே வரி எழுதியிருந்தார். புதிய பெலிங்டனுக்குப் பழைய பெலிங்டனின் காற்சட்டை அளவாக இருக்குமா என்று கேட்டு எழுதினாராம்.

விரல் நின்றுவிட்டது. நானும் வாசிப்பை நிறுத்தினேன். அண்ணை தன் இடக்கையை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான்போலப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"தெரிஞ்செடுக்கேல்லை, தம்பி," என்றார். "பக்கத்திலை கிடந்திருக்கிறார்."

ஒரு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. உலகத்துக்கே புத்தி சொல்லிப் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு மனிதரிடம் போய் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ராணி அக்காதான் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஒருக்கா வாரும். இந்த மனுசன் எல்லாத்தையும் திருப்பி வைச்சிட்டுது."

போய்ப் பார்த்தேன். நானூறு புத்தகமும் முதுகைச் சுவர்ப்பக்கம் காட்டி நின்றன. பாட்டுக்காரர், பன்றி டொக்டர், குத்துச்சண்டைக்காரன், பிறவுண் பேப்பர்க்காரி எல்லோரும் நஞ்சு கொடுத்தவனைப்போல. மஞ்சள் பூத்த தாள் விளிம்புகள் மட்டும் தெரிந்தன. ஒரு செத்தவீட்டில் எல்லோரும் மறுபக்கம் திரும்பி நின்றால் எப்படி இருக்கும்? கோயில் அங்கத்தவர் இடாப்பில் தன் குடும்பப் பெயரை வெட்டச் சொல்லிப் போதகரிடமும் போய் வந்துவிட்டாராம். பிறகு என்ன பெயர் போடுவது என்று போதகர் கேட்டாராம்.

"ஆரின்ரையோ சொந்தத்தை எல்லாம் என்ரை சொந்தம் எண்டு சொல்லித் திரிஞ்சிட்டன்," என்றார் அண்ணை. "ஓடினவன்ரை பேர்."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ராணி அக்கா கோப்பையை என் நெற்றியில் டக்கென்று வைத்தார்.

"எனக்கு மட்டும் இந்தப் பேர் என்ரை அப்பர் வைச்சதோ? நானும் உங்களுக்குப் பக்கத்துக் கட்டில்தானே. வந்து படுத்தன், பேர் வந்தது. நாப்பது வருசமாத் தூக்கிக்கொண்டு திரியிறன். நான் ஒருநாளாவது எதையும் திருப்பி வைச்சனானோ?"

கோயில் மாதர் சங்கச் செயலாளரான ராணி அக்காவின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்ட அதிர்ச்சியில் எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அண்ணை மனைவியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். எழும்பிப்போய் ஒரு புத்தகத்தைத் திருப்பினார். பாட்டுக்காரர். பிறகு இன்னொன்று. நானூறு புத்தகத்தையும் திருப்பி முடிக்க மத்தியானச் சாப்பாடு தாண்டிவிட்டது. கடைசியில் நஞ்சு கொடுத்தவனிடம் வந்து கொஞ்சம் யோசித்து, அவனையும் திருப்பி வைத்தார்.

பிறகு மேசைக்கு வந்து, கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதன் கீழிருந்த என் புத்தகத்தை எடுத்தார். லேஞ்சியால் துடைத்தார். ஒரு வெள்ளைத் தாள் துண்டில் இடக்கையால், மீற்றர் அட்டையில் எழுதுகிற சதுர எழுத்தில், பெலிங்டன் என்று எழுதி, முதுகில் என் பெயருக்குக் கீழே பசை பூசி ஒட்டினார். அந்த இரண்டு விரல் இடைவெளிக்குள் வைத்துத் தள்ளினார். அளவாகப் போய் நின்றது.

"அண்ணை, நான் பெலிங்டன் இல்லையே," என்றேன்.

"பூட்டனும் இல்லை."

ராணி அக்கா சமையலறையிலிருந்து, தானும் இல்லை என்று குரல் கொடுத்தார்.

"பேருக்கு ஒரு ஆள் வேணும். பக்கத்திலை நிண்டது நீர்தானே," என்றார் அண்ணை. "கையை ஏன் இன்னும் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறீர்? எடுத்துப் பாரும். உம்மடை ஆக்கள்."

அத்தனை வருடம் பின்னால் கட்டியிருந்த கைகளால் பன்றி டொக்டரை எடுத்தேன். பெரியப்பா நல்ல கனம்.