உமி மூட்டைக்கு ஓர் இருக்கை

சதுரபுரி என்றொரு நாடு. அங்கே மழைகூட அனுமதி வாங்கித்தான் பெய்யவேண்டும் என்பது சட்டம். அந்த ஆண்டு மழை சட்டத்தை மதிக்கவில்லை. ஆறு ஊருக்குள் நுழைந்தது. மக்களை மேடான அக்கரைக்குக் கொண்டுசெல்ல, பலகைக்கு நான்கு இருக்கை வைத்த அரசுப் படகுகள் வந்தன.

உடனே முதல் ஆணை பிறந்தது: ஒவ்வொரு குடும்பமும் புதுப் பலகையில்தான் தொடங்கவேண்டும். அக்கரையில் தலை எண்ணும் அதிகாரி பலகை பலகையாகத்தான் பார்ப்பார். ஒரு குடும்பம் இரண்டு பலகையில் பரவினால் அவர் இரண்டு தடவை கழுத்தைத் திருப்பவேண்டும். அது அரசுக் கழுத்து.

மூவர் வந்தால் ஓரிடம் காலி. ஒருவர் வந்தால் மூன்று. காலி இடம் கண்ணில் பட்டால் நாட்டில் ஏதோ குறை என்று பேச்சு வருமே! அங்கெல்லாம் முத்திரையிட்ட உமி மூட்டைகளை வைக்க இரண்டாம் ஆணை வந்தது.

தறி நெய்யும் பொற்கொடி தனி ஆள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி படகுத்துறை அமைச்சர் செம்பியராயரிடம் கேட்டாள்.

"ஐயா, மூணு பேர் குடும்பத்தோட என்னை மாதிரி ஒத்தை ஆளை உக்கார வச்சா பலகை நெறைஞ்சிடுமே. எல்லாரும் போயிடலாம்."

"அப்போது யார் எந்தக் குடும்பம் என்பது அக்கரைக்கு எப்படி விளங்கும்?"

"கேட்டா நாங்களே சொல்லப்போறோம்."

"மக்களைக் கேட்பதா!" அமைச்சர் அதிர்ந்துபோனார். "அந்த வழக்கம் நம் ஆட்சியில் இல்லையம்மா."

மதியமே மூன்றாம் ஆணை: தனி ஆட்கள் மூன்று இடங்களை வீணாக்குவதால் இனிப் படகேறக் கூடாது, அவர்களுடைய பலகையில் நான்கு மூட்டைகள் செல்லும். இவ்வளவு அறிவை ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படித்தான் நிமிர்ந்து நடந்தாரோ!

தண்ணீர் மார்புக்கு ஏறியது. பொற்கொடிக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. துறைமேட்டில் கடைசிப் படகுக்காக அடுக்கியிருந்த மூட்டை ஒன்றை அவிழ்த்து, உமியை ஆற்றில் கொட்டிவிட்டு உள்ளே புகுந்துகொண்டாள். காவலர்கள் அவளைப் பத்திரமாகத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள்.

அக்கரை அதிகாரி மூட்டையைத் தட்டினார். "உள்ளே யாரு?"

"யாருமில்லீங்க."

"சரி" என்று குறித்துக்கொண்டார்.

மூட்டைகள் அரசு உடைமை. கூரையுள்ள கிடங்குக்குப் போயின. மனிதர்கள் மழையில் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முன் அமைச்சர் முழங்கினார்: "இவ்வளவு பெரிய வெள்ளத்தில் ஒரு மூட்டைக்குக்கூடச் சேதமில்லை! இதைச் சொல்லியே அடுத்த மாதத் தேர்தலைச் சந்திப்போம்!"

கிடங்கில் உமித்தூசி தாங்காமல் பொற்கொடி தும்மினாள்.

"நூறாயுசு!" என்றது பக்கத்து மூட்டை.

"உஸ்ஸ், சத்தம் போடாதீங்க" என்றது மூலையிலிருந்த மூட்டை. "தேர்தல் எப்போன்னு சொன்னாரு?"