பதினோராம் பக்கம்

பியானோ வாசிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பியானோவை அடித்து விசாரிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு நவீன இசைக் கலைஞர் என்று பெயர். செத்துப்போனவர்கள் எழுதிய இசையைக் கையால் தொடமாட்டார். எழுதியவர் உயிரோடு இருக்க வேண்டும், எழுதிய மை காய்ந்திருக்கக் கூடாது, கேட்பவருக்குத் தலை எது வால் எது என்று தெரியக் கூடாது; மூன்றும் பொருந்தினால்தான் நாற்காலியில் உட்காருவார்.

உட்கார்ந்தால் உடனே வாசித்துவிடுவாரா? பியானோவைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே எட்டுத் திருகாணி, இரண்டு ரப்பர், ஒரு சோப்பு டப்பா மூடி, வீட்டிலுள்ள அத்தனை ஸ்பூன் ஆகியவற்றை அளவுகோல் வைத்து அளந்து செருகி, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் காத்திருந்து, முழங்கையால் ஒரு போடு போடுவார். அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளி காப்பியைப் பென்சிலால் கலக்கிக்கொள்ள வேண்டியதுதான். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி.

"என்ன சார், கட்டில நகர்த்துற வேலை இன்னும் முடியலையா?"

நம்மவர் கோபப்படமாட்டார், பரிதாபப்படுவார். "மெட்டு கேட்டே கெட்டுப்போன காது, பாவம்" என்பார் மனைவியிடம். அவருக்கென்று ஒரு வசனம் உண்டு. மாணவர், தபால்காரர், பல் வைத்தியர் என்று யாரும் அதிலிருந்து தப்பியதில்லை: "இதுல ஒரு சுரம் பிசகினாக்கூட மொத்தக் கட்டடமும் சரிஞ்சிடும்." பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார் என்றால் பாருங்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் யோகம் அடித்தது. புதிய இசையில் பெரிய தலையான ஓர் இசையமைப்பாளர் பத்தொன்பது பக்கத்தில் ஓர் உருப்படி எழுதிக் கொடுத்தார். அரங்கேற்றத்தன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். பிடித்துவிட்டால் அடுத்த உருப்படியும், அதாவது மூன்று மணி நேரத்துக்கு இடைவேளையே இல்லாத மகா உருப்படியும், நம்மவருக்கே. பிடிக்காவிட்டால் அது போட்டியாளருக்குப் போய்விடும். அவர் பியானோவுக்கு அடியில் படுத்துக்கொண்டு வாசிக்கிறவர். 

உருப்படியின் உயிரே பதினோராம் பக்கம். நாற்பது விநாடி மௌனம், ஒரு முழங்கை, பியானோ மூடியைப் படாரென்று ஓர் அறை, பிறகு முப்பத்தொன்பது விநாடி மௌனம். அந்த ஒரு விநாடி வித்தியாசத்துக்காக மூன்று வாரம் உழைத்தார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் பதில் வராது. மௌனம் பழகிக்கொண்டிருப்பார்.

பக்கம் புரட்டுவது மனைவியின் வேலை. காகிதம் சலசலத்தால் கட்டடம் சரிந்துவிடும் அல்லவா? அதனால் முந்தின நாளே நம்மவர் ஒவ்வொரு பக்கத்தையும் தன் கையாலேயே பசை தடவிக் கனமான அட்டையில் ஒட்டினார். பசை கொஞ்சம் தாராளம். மேடையில் மனைவி பத்தாவது அட்டையைப் புரட்டியபோது, அதன் முதுகில் பதினோராவதும் ஒட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது.

எதிரே பன்னிரண்டாம் பக்கம். கை நிற்கவில்லை, வாசித்துவிட்டது.  இதோ சரியப்போகிறது, இதோ சரியப்போகிறது என்று பதின்மூன்று, பதினான்கு, பத்தொன்பது வரைக்கும் காத்திருந்தார். சரியவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

இசையமைப்பாளர் மேடைக்கு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். கண்ணில் நீர்.

"அந்தப் பதினோராம் பக்கம் இருக்கே! எழுதும்போது என் மனசுல எப்படிக் கேட்டுச்சோ, அப்படியே வாசிச்சுட்டீங்க. அந்த மூணு மணி நேரம் உங்களுக்குத்தான்."

நம்மவர் வாயைத் திறந்தார். மனைவி அவரையே பார்த்தாள். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பாவம். ஆனால் பியானோவுக்கு அடியில் படுக்கிறவரும் இரண்டாம் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நம்மவர் தலையைத் தாழ்த்தினார். நெஞ்சில் கை வைத்தார்.

"அந்தப் பக்கத்துக்குத்தாங்க ரொம்ப உழைச்சேன்."

பொய்யா சொன்னார்?

கூட்டம் கலைந்தபின் மனைவி ஸ்பூன்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, கட்டடம் சரியவே இல்லையே?"

 முப்பத்தொன்பது விநாடி மௌனம். ஒரு விநாடிகூடப் பிசகவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் பியானோவைத் தொட்டதே இல்லை, எனக்குத் தெரியும். போன மாதம் ஒருவர், நீங்கள் செய்யவே செய்யாத ஒரு வேலைக்காக உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாரே, அப்போது உங்கள் இன்னொரு கை எங்கே இருந்தது?