ஒரு சுற்று ஆட்சி

ஏழு கடல் தாண்ட வேண்டாம். எட்டிப் பார்க்கிற தூரத்தில் சுழியூர் என்று ஒரு நாடு இருந்தது. அங்கே அரசரையும் மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எத்தனை காலத்துக்கு என்பதில்தான் ஓயாத சண்டை.

அந்தச் சமயம் பார்த்து, மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்தில் குழல்மொழி என்ற வானியலாளர் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் எண்ணற்ற கற்களில் அதுவும் ஒரு கல். சூரியனை ஒருமுறை சுற்றிவர நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மன்னர் செங்கதிர்மாறன் உடனே சட்டம் போட்டார்: "இந்தக் கோள் ஒரு சுற்று முடித்ததும் தேர்தல். மனிதன் பொய் சொல்வான், வானம் சொல்லாது." நாடே கைதட்டியது. கைதட்ட என்ன செலவு!

சுற்று முடியும்வரை குழல்மொழி மலையை விட்டு இறங்கக் கூடாது, யாரும் அவளைப் போய்ப் பார்க்கவும் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. யாராவது அவள் மனதைக் கலைத்துவிடுவார்களாம். கோள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஊரில் விளக்கேற்றவும் தடை. பிள்ளைகள் இரவுப் படிப்பை விட்டார்கள். பிரசவங்கள் தடவித் தடவி நடந்தன. குழல்மொழியின் மகள் பொற்கொடிக்கு அப்போது ஆறு வயது. அவளைத் தெற்குத் தெருவில் இருந்த தன் அக்கா வீட்டில் விட்டு, "ஒரே ஒரு சுத்துதான் கண்ணு, வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு மலையேறினாள்.

பகலில் தொலைநோக்கியை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வானம் பார்க்கிற கருவி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். மகள் தலைகீழாகப் பள்ளிக்குப் போனாள். ஒருநாள் தலைகீழாகவே தடுக்கி விழுந்தாள். வேறு யாரோ தூக்கிவிட்டார்கள். அன்றைக்குக் குழல்மொழி வாய்விட்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க அந்த மலையில் ஆளில்லை.

ஒருவழியாகச் சுற்று முடிந்தது. கூடத்து மணியை அடித்து ஊருக்குத் தெரிவித்தாள். பெயர்சூட்டுத் துறை அமைச்சர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"கோளுக்கு இன்னிக்குத்தான் 'மன்னர் மகுடம்'னு பேர் வெச்சிருக்கோம். பேர் வெச்ச நாள்லேர்ந்துதான் சுற்றுக் கணக்கு."

"அதுக்கு முன்னாடியும் அது சுத்திக்கிட்டுத்தானேங்க இருந்துச்சு?"

"சுத்தியிருக்கலாம். அரசிதழ்ல வரலையே அம்மா."

"என் பொண்ணு கீழே தனியா இருக்கா, ஐயா."

"எங்கே போயிடப் போறா? நாங்கல்லாம் இருக்கோமில்ல!"

இரண்டாம் சுற்று முடிந்தபோது கோளுக்கு மன்னரின் தகப்பனார் பெயர் சூட்டப்பட்டது. புதுப் பெயர் என்றால் புதுக் கோள். புதுக் கோள் என்றால் புதுச் சுற்று. பெயர்சூட்டு விழாவுக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி என்றார்கள். விளக்கில்லாத வீடுகளில் இப்போது உலையும் இல்லை.

மூன்றாம் சுற்று முடியும் முன்பே ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள். இந்த முறை தங்கள் தலைவர் பெயர்தான் என்றது வடக்குத் தெரு. விடுவோமா என்றது தெற்குத் தெரு. மண்டைகள் உடைந்தன. தேர்தலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குழல்மொழி பொறுத்துப் பார்த்தாள். சுற்று முடிந்த அன்று, சட்டமாவது மண்ணாவது என்று இறங்கி, நேரே சபைக்குப் போனாள்.

"மூணு சுத்து முடிஞ்சாச்சு. இனியாவது தேர்தல் வைங்க!"

அமைச்சர்கள் வெலவெலத்துப் போனார்கள். மன்னர் மட்டும் சிரித்தார். "மக்கள் கேட்டா வைக்காம இருப்போமா?"

தேர்தல் வந்தேவிட்டது. அதுவரை மலையிலேயே காவலில் வைத்திருந்த குழல்மொழி, காவலர் நடுவே வந்து வரிசையில் நின்றாள். வாக்குச் சீட்டில் இரண்டே பெயர்கள்: வடக்குத் தெருத் தலைவர், தெற்குத் தெருத் தலைவர். கோளுக்கு யார் பெயரை வைப்பது என்று கேட்டிருந்தார்கள்.

"அரசர் பேரைக் காணோமே?" என்றாள் அதிகாரியிடம்.

"அவர் எதுக்கும்மா போட்டி போடணும்? அவர்தானே தேர்தலையே நடத்துறார்!"

தெற்குத் தெரு வென்றது. மன்னர் பெருந்தன்மையோடு ஓர் ஆணை பிறப்பித்தார்: குழல்மொழி இனி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம்.

அவள் வெற்றி ஊர்வலத்துக்குள் முண்டியடித்து நுழைந்து மகளைத் தேடிப் பிடித்தாள். தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள் பொற்கொடி.

"கண்ணு, சுத்து முடிஞ்சு போச்சுடா. அரசரை மாத்தணும். அதுக்காகத்தான் அம்மா இத்தனை வருஷம் உன்னை விட்டுட்டு..."

"அதான் ஓட்டுப் போட்டாச்சேம்மா! நம்ம தெரு ஜெயிச்சிருக்கு, இப்பப் போய் அழறீங்களே!" என்று ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு ஓடினாள் மகள்.