ஆளில்லாத வாளிக்கு இடமில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தைத் திருத்தாமல் விடுவதில்லை என்று விமானத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். இருக்கைப் பட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனையும் கட்ட வைத்துவிட்டுத்தான் அந்த முடிவை எடுத்தேன்.

கட்டாரில் இரண்டு வருடம். பெரிய கடைத்தொகுதி ஒன்றில் செக்கியூரிட்டி. என் வேலை என்ன தெரியுமா? வரிசை. காசு கட்டுகிற இடத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு பத்து மணி நேரம் நிற்பது. யாராவது முந்தினால் கையை மட்டும் காட்டுவேன். கோட்டுப் போட்டவன்கூட வாய் பேசாமல் பின்னால் போய் நிற்பான். இங்கே என் கையைப் பார்த்து எங்கள் வீட்டு நாய்கூட நகர்ந்தது கிடையாது.

ஊருக்கு வந்த அன்றே இரத்தம் கொதித்தது. கொழும்பிலிருந்து ஹட்டன் பஸ். ஜன்னலோரச் சீட்டில் ஆளில்லை, ஒரு கைக்குட்டை கிடந்தது. எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் ஏறிய ஒருவன் எழும்பச் சொன்னான். கைக்குட்டைக்கு டிக்கட் எடுத்தாயா என்று கேட்டேன். கண்டக்டர் வந்தான்.

"அண்ணே, லேஞ்சி போட்ட சீட்டு லேஞ்சிக்காரருக்குத்தான். ஊருக்குப் புதுசா?"

பிறந்து நாற்பத்தாறு வருடமாகிறது. ஊருக்குப் புதுசாம். ஹட்டன்வரை நின்றுகொண்டே வந்தேன். ஒருவர் வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பினார். இன்னொருவர் தன் மச்சானின் குடும்பச் சண்டையைப் போனில் பஸ் முழுவதற்கும் அறிவித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அந்த மச்சான் மேல்தான் பிழை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஜீவராணியிடம் கொட்டினேன். ஜீவராணி என் மனைவி. கொழுந்து எடுக்கிறவள். அங்கே யாரும் துப்புவதில்லை, யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை, யாரும் முந்துவதில்லை என்றேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே "ம்" என்றாள். அவளுடைய "ம்"முக்கு ஏழெட்டு அர்த்தம் உண்டு. எது என்பது எனக்கு எப்போதும் காரியம் கெட்ட பிறகுதான் விளங்கும்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு வாளியோடு தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டுக்கும் அந்த ஒரு பீலிதான். மலையிலிருந்து வருகிற தண்ணீர் ஐந்திலிருந்து ஆறரை வரைதான் விழும். பனியில் ஒருவரையும் காணவில்லை. நான்தான் முதல் ஆள் என்று வாளியை வைத்தேன்.

"தம்பி, நீங்க கடைசி" என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டு அந்தோனியம்மா. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். பெயின்ட் வாளி, மஞ்சள் கேன், மூடி இல்லாத குடம் என்று இருபத்திரண்டு உருப்படி வரிசையாக நின்றன. எல்லாம் முதல்நாள் மாலையே வைத்தவை. எங்கள் லயத்து வழக்கம் அது. வாளிதான் வரிசையில் நிற்கும், ஆள் நிற்காது. யார் பீலிப்பக்கம் வருகிறாளோ அவள் அடுத்து நிற்கிற வாளியை நிரப்பித் தள்ளி வைத்துவிட்டுப் போவாள். அது யாருடைய வாளி என்று பார்ப்பதில்லை. சொந்தக்காரி ரொட்டியைச் சுட்டு, பிள்ளைக்குத் தலை சீவிவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பஸ்ஸில் கைக்குட்டை, பீலியில் வாளி. இந்த நாட்டில் மனிதனைத் தவிர எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

அன்றே ஒரு பலகை எடுத்துப் பெயின்டில் எழுதினேன். "வரிசையில் ஆள் நிற்க வேண்டும். ஆளில்லாத வாளி அகற்றப்படும்." பீலிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். கட்டாரில் போட்ட தொப்பியைத் தேடி எடுத்தேன்.

திங்கட்கிழமை விடிய, தொப்பியோடு போய் நின்றேன். ஆளில்லாத வாளிகளை எல்லாம் தூக்கிச் சாக்கடைக் கானோரம் வைத்தேன். பெண்கள் ஓடிவந்தார்கள். அந்தோனியம்மா என் அப்பா பெயரைச் சொல்லி, அந்த மனிதருக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று கேட்டார். நான் அசையவில்லை. கையை மட்டும் காட்டினேன். நேரம் போகிறதே என்ற பயத்தில் எல்லோரும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். என் கைக்கு முதல்முறையாக இந்த மண்ணில் மரியாதை கிடைத்தது.

ஜீவராணி அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். நேராகப் பீலியிடம் போகப் பார்த்தாள். விடுவேனா? வீட்டுக்காரிக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா? கடைசிக்குப் போகச் சொன்னேன். என்னை ஒரு முறை பார்த்தாள். போய் நின்றாள். எனக்குப் பெருமையில் தொப்பி இறுகியது.

ஏழு மணிக்குப் பெரட்டு. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு பெயர் கூப்பிடும்போது அங்கே நிற்காவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. ஏழரைக்கு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கீழ்ப்பாதையில் ஏழு பெண்கள் வெறுங்கூடையோடு திரும்பி வருவதைப் பார்த்தேன். முன்னால் வந்தவள் ஜீவராணி.

அவள் சத்தம் போடவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். மற்ற ஆறு பேரும் வாசலில் நின்றார்கள்.

"என்னாங்க, ஒண்ணு கேக்குறேன். அங்க வரிசைய பாத்துக்கிட்டு நின்னதுக்குத்தான ஒங்களுக்கு சம்பளம் குடுத்தாங்க?"

"ஆமா."

"இங்க வரிசையில நின்னதுக்கு எங்க ஏழு பேருக்கும் இன்னிக்கி பேரு போச்சு."

"கொஞ்சம் முந்தி எந்திரிக்கணும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மூணரைக்கு எந்திரிக்கிறேன். இன்னும் முந்தணும்னா மொத நாளே எந்திரிச்சாத்தான் உண்டு."

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணும் ஜீவராணி. அங்க ஒருத்தனும்..."

"அங்க ரூமுக்கு ரூம் பைப்பு இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. இங்க பன்னெண்டு வீட்டுக்கு ஒரு பீலி. கோவப்படணும்னா அதுக்குக் கோவப்படுங்க. எழுதணும்னா அதப் பத்தி தொரைக்கு ஒரு பெட்டிசன் எழுதுங்க. வாளியோட என்னாத்துக்குச் சண்ட போடுறீங்க?"

வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நம் சனத்துக்கு நாகரிகம் வராது, அங்கே ஒரு தரம் பார்த்திருந்தால் தெரியும் என்று கத்தினேன்.

ஜீவராணி குரலைத் தாழ்த்தினாள். வாசலுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் தாழ்த்தினாள் என்று நினைக்கிறேன்.

"லீவு நாளு ஒண்ணுல, எனக்குச் சட்ட வாங்கணும்னு நீங்க வேல செஞ்ச அதே கடைக்குள்ள போகப் பாத்தீங்க. குடும்பத்தோட வாரவங்களுக்கு மட்டுந்தான்னு ஒங்களையே வெளிய நிறுத்துனாங்க. அன்னைக்கி ராவு போன்ல நீங்க அழுதது எனக்கு மறக்கல. நான் யாருகிட்டயும் சொன்னதும் இல்ல. இன்னிக்கி நீங்க எங்க வாளிய எடுத்துக் கானோரம் வச்சப்ப எனக்கு அதுதான் வந்திச்சு."

அந்தக் கோபம் எனக்குள்ளே இன்னும் இருக்கிறது. இரண்டு வருடம் யாருடைய வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ அவர்களோடு சேர்ந்து ஒரு நாள் உள்ளே போக முடியவில்லை. அதை அங்கே கொட்ட வழியில்லை. இங்கே வந்து கொட்டினேன், அதுவும் இவள் வாளியில். வெட்கமாக இருந்தது. ஆனால் பலகையைக் கழற்ற மனம் வரவில்லை. கழற்றினால் அந்தோனியம்மா பல் துலக்குவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

மத்தியானம் ஜீவராணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கூடவே ஒரு துண்டு வெல்லமும் இருந்தது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பலகைய கழட்ட வேணாங்க" என்றாள். "யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றதும் ஞாயந்தான். வரிசைன்னா ஆளு நிக்கணும்."

எனக்கு உயிர் வந்தது.

"ஒரு சந்தேகம். அங்க ஒரு ஆளு ரெண்டு மூணு வண்டில சாமான் தள்ளிக்கிட்டு வந்தா விடுவீங்களா?"

"தாராளமா. சாமானுக்குக் கணக்கு இல்ல. ஆளு நிக்குதா, அவ்வளவுதான்."

"அது வேற யாரோட சாமானா இருந்தா?"

"யாரோடதுன்னு கேக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. சட்டம் அப்புடி."

"நல்ல சட்டந்தான்" என்றாள். "அதையும் பலகையில எழுதிடுங்க. பின்னால யாரும் சண்டைக்கி வரக்கூடாதுல்ல."

எழுதினேன். கையெழுத்துக் கோணாமல், அடிக்கோடு வேறு போட்டேன். மாலையில் பெண்கள் எல்லோரும் வந்து வாசித்தார்கள். ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. அந்தோனியம்மா "படிச்ச புள்ள எழுதுன மாதிரி இருக்கு" என்றார். என் சனம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று நம்பினேன்.

செவ்வாய் விடிய ஐந்து மணிக்கு ஜீவராணி என்னை எழுப்பி, தொப்பியைத் தலையில் வைத்து, இரண்டு வாளியையும் கையில் கொடுத்தாள். நான்தான் முன்னுதாரணமாக முதலில் நிற்க வேண்டுமாம். போய் நின்றேன். எனக்குப் பின்னால் இருபத்திரண்டு வாளி. ஆளில்லை. நான் அகற்றப் போனேன்.

அந்தோனியம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஆளு நிக்குதான்னு பாத்தேன் தம்பி. நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினேன். ஜீவராணி ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரையும் காணோமே" என்றேன்.

"நீங்க நிக்கிறீங்கல்ல. ஒரு ஆளு நின்னா போதும். யாரு வாளின்னு கேக்க ஒங்களுக்கு அதிகாரம் இல்ல. பலகையில இருக்கு. ஓடுங்க, தண்ணி விழுகுது."

என்ன செய்வது? சட்டத்தை எழுதியவன் நான். அதோடு அந்த ஏழு பேரின் வெறுங்கூடையும் கண்ணில் நின்றது. இருபத்துநான்கு வாளியும் நிரப்பினேன். கட்டாரில் கைதான் காட்டினேன், இங்கே முதுகையும் வளைக்க வேண்டியிருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பன்னிரண்டு பேரும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருத்திக்கும் பேர் போகவில்லை. அதை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

அப்படியே மூன்று நாள் போனது. ஒப்பந்தம் முடிந்து வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறவனுக்கு இது ஒரு பதவிதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை மேட்டு லயத்து லோஜினி பீலிப்பக்கம் வந்தாள். பலகையை வாசித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். உன் லயத்திலும் இப்படி ஒழுங்கு வர வேண்டும் தங்கச்சி என்று அவளுக்கு அறிவுரை சொன்னேன்.

"அதுக்குத்தாண்ணே பாத்துட்டுப் போக வந்தேன். ஜீவராணியக்காகிட்ட நேத்தே பேசிட்டேன். எங்க பீலில ஏழு மணிக்கிப் பொறகுதான் தண்ணி விழும், அப்ப நாங்க பெரட்டுல நிப்போம். ஒங்களுக்கு அதுக்குள்ள இங்க வேலை முடிஞ்சிரும். செவ்வாயும் வெள்ளியும் ஒங்கள எங்களுக்கு விடுறேன்னு அக்கா சொல்லிட்டாங்க."

இன்று வெள்ளிக்கிழமை. மேட்டு லயத்தில் தண்ணீர் இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவையும் உங்களிடம் சொல்ல எனக்கு நேரம் கிடைத்தது.