மௌனத்துக்கு ஈரல் ஊட்டிய கதை

கவிதை எழுதுகிறவன் நாய் வளர்க்கலாம்; அதைப் பழக்குகிற வேலையில் மட்டும் இறங்கக் கூடாது. இந்த உண்மையை நான் நெல்லித்தோப்பில், வீட்டு உரிமையாளரின் காலடியில், வெள்ளை ஜிப்பாவோடு குப்புற விழுந்து கற்றுக்கொண்டேன்.

நாயின் பெயர் மௌனம். (நான்தான் வைத்தேன். மன்னியுங்கள்.) மழைநாள் ஒன்றில் தெருக்குட்டியாக வந்து, சத்தமே இல்லாமல் என் செருப்பின் மேல் படுத்துத் தூங்கியது. பெயர் உடனே வந்துவிட்டது. மழை விட்டதும் குரலும் வந்துவிட்டது. என் மனைவி செலின் வாசலில் நின்று, "மௌனம், கத்தாத" என்று அதட்டும்போதெல்லாம் தெருவில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மௌனத்துக்கு ஒரே ஒரு மனிதரைத்தான் பிடிக்காது. அவர் எங்கள் வீட்டு உரிமையாளராக அமைந்தது என் ஜாதகம். மிசியே அந்துவான் (மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா) பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், மாடியில் குடியிருந்தார். தொப்பியும் கைத்தடியுமாக அவர் படியிறங்கினால் நாய் சங்கிலி தெறிக்கப் பாயும். ஒரு நாள் அவருடைய கால்சட்டையின் ஓரம் அதன் வாயோடு வந்துவிட்டது.

மிசியே கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கவிஞரே, அடுத்த மாசம் எம்பொண்ணு பிரான்சுலேருந்து வருது. அன்னிக்கும் இது எம்மேல பாஞ்சா நாய் இங்க இருக்கக் கூடாது. ஃபினி, அவ்வளவுதான்."

செலின் அன்று சாப்பிடவில்லை. (அவள் பங்கையும் மௌனமே சாப்பிட்டது.) அவளுக்கு அந்த நாய் இல்லாத வீடு வீடே இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். விஷயம் எளிது. நாய் பாய்வது பெரும்பாலும் பயத்தால். அடித்தால் பயம் கூடும். பிடிக்காத ஆளைத் தூரத்திலிருந்து காட்ட வேண்டும். குரைக்காமல் பார்க்கிறதே, அந்த நொடியில் ஒரு சொல் சொல்லி, ஒரு துண்டு இறைச்சி கொடுக்க வேண்டும். மெல்ல மெல்லத் தூரத்தைக் குறைக்க வேண்டும். சொல் சின்னதாக, எப்போதும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும்.

அங்கேதான் என் தன்மானம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. ஒரு பக்கத்தில் ஒரு சொல் இரண்டு முறை வந்தாலே தூக்கம் கெடுகிறவன் நான். மாதம் முழுக்க ஒரு நாயிடம் "சபாஷ், சபாஷ்" என்று சொல்லிக்கொண்டிருப்பதா?

சாயங்காலம் மிசியே நடக்கக் கிளம்பும் நேரத்தில், வேகவைத்த கோழி ஈரலோடு தெருமுனையில் நிற்பேன். தொப்பி தெரியும். மௌனம் காதை விறைத்து, வாயை மூடிப் பார்க்கும். அதுதான் நொடி. 'அந்தியின்...' என்று மனசுக்குள் தொடங்குவேன். பழையது. 'ஈரக்காற்றின்...' ம்ஹூம். அதற்குள் நாய் குரைத்துவிடும். குரைத்து முடிக்கும்போது எனக்குச் சொல் கிடைத்திருக்கும். "உப்புக்காற்றின் உடன்பிறப்பே" என்று ஈரலை ஊட்டுவேன்.

"ஏங்க, அது குரைச்சப்புறம்ல குடுக்கறீங்க?" என்றாள் செலின்.

"அவசரப்படாத. அதுக்குள்ள ஏதோ மாறிக்கிட்டு வருது."

மாறித்தான் வந்தது. முன்பெல்லாம் மிசியேவைப் பார்த்துக் குரைத்தது, இப்போது அவரைப் பார்த்து ஒரு தடவை குரைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். (அது பாக்கி வசூலிக்க வந்தவனின் பார்வை.)

அந்த நாளும் வந்தது. பூசை முடிந்து மிசியே மகளோடு வாசலுக்கு வந்தார். ஜிப்பாப் பை நிறைய ஈரலோடு நின்றேன். செலின் கதவோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மௌனம் தொப்பியைப் பார்த்தது. குரைக்கவில்லை. உட்கார்ந்தது. தெருவே மூச்சைப் பிடித்தது போலிருந்தது. மிசியேவின் புருவம் உயர்ந்தது.

ஒரு சொல் போதும். காலையிலேயே ஒரு வரி தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லப் போகும் நேரத்தில் அதில் ஓர் அசை மிகையாகப் பட்டது. திருத்தத் தொடங்கினேன்.

நாய் என்னைப் பார்த்தது, தொப்பியைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. ஞாபகப்படுத்தும் விதமாக ஒரு தடவை குரைத்தது. பதறி ஈரல் கொடுத்தேன். இன்னொரு குரைப்பு, இன்னொரு துண்டு. நான்தான் சுணங்கினேன், அது சுணங்கவில்லை. பொறுமை இழந்து நேராக என் பையின் மேல் பாய்ந்தது. சங்கிலி என் காலைச் சுற்றியது. பை கிழிந்தது. நான் மிசியேவின் காலடியில் சாஷ்டாங்கமாகக் கிடந்தேன். அவருடைய பூட்ஸ்மேல் சிதறிய ஈரலை மௌனம் வாலாட்டிக்கொண்டே, சத்தமில்லாமல் நக்கிச் சாப்பிட்டது.

மகள் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். மிசியே குனிந்து என்னைப் பார்த்தார்.

"எம்மேல பாயல. உங்க மேலதான் பாஞ்சுது. அதனால நாய் இருக்கலாம்."

செலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா இனிமே பாடத்த அம்மா நடத்தட்டும். பட்டாளத்துல கட்டளைக்கு உவமை தேடிக்கிட்டு நின்னிருந்தா நான் பென்ஷன் வாங்க உசுரோட வந்திருக்க மாட்டேன்."

செலின் தேர்ந்தெடுத்த சொல், "ம்". அவ்வளவுதான். மூடிய வாய்க்கு ஒரு "ம்", உடனே ஒரு துண்டு. கொஞ்ச மாதத்தில் மிசியே படியிறங்கும்போது மௌனம் வாலால் தரையைத் துடைக்க ஆரம்பித்தது.

எனக்குத்தான் விடிவில்லை. போன வாரம் செலின் புதுப் புடவையில் வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட மனம் வரவில்லை. கண்ணை மூடினேன். மாமரத் தளிரா, மழைக்கு முந்தைய கடலா என்று தராசில் வைத்துப் பார்த்துக் கண்ணைத் திறந்தேன். அவள் வாசல் தாண்டிவிட்டாள்.

"விடுங்க. நாய் குரைச்சிடுச்சு."