மாப்பிள்ளைக்கு ஒரு ஏசி

"உங்க ரூம்புக்கு ஒன்றரை ஹார்ஸ்பவர் ரொம்ப பெருசுண்ணே," என்றார் கடைக்காரர் சாமிநாதன். "ரூம்பு எவ்வளவு இருக்கும்?"

மருதமுத்து யோசித்தார். "கட்டில் போட்டா ஆள் நிக்க எடமில்ல. ஆள் நின்னா கட்டில் போட எடமில்ல."

"அப்ப ஒரு ஹார்ஸ்பவரே போதும்லா."

உண்மையில் மருதமுத்துவுக்கு எந்த ஹார்ஸ்பவரும் வேண்டாம். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளுக்கு லாரி ஓட்டுகிறவர். வீட்டில் யாராவது ஏசி என்று வாயெடுத்தால், "ஏன், காத்தாடி செத்தா போச்சு?" என்று ஒரே கேள்வியில் அடக்கிவிடுவார்.

ஆனால் இது மகள் கலைமகளின் தலை தீபாவளி. மாப்பிள்ளை குகன் கோலாலம்பூரிலிருந்து வந்து தங்கப் போகிறார். மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று மாமனார் நேரே கேட்கக் கூடாது. மாமியார் கேட்க வேண்டும், மாமனார் வாங்க வேண்டும். அப்படித்தான் மனைவி புனிதா போனில் கேட்டாள். குகனும் ஸ்பீக்கரிலேயே சொல்லிவிட்டார்.

"ஏசி இல்லாட்டி எனக்குக் கண்ணே மூடாது அத்தை. கஷ்டமா இருந்தா வேணாம். நாங்க ஹோட்டல்ல தங்கிக்கிறோம்."

ஹோட்டலா! தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை ஹோட்டலில் படுத்தான் என்று ஊர் பேசினால் மருதமுத்து எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்?

சுவரில் மாட்டும் ஏசிக்கு வழியில்லை. வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கே வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் சக்கரம் வைத்த, தள்ளிக்கொண்டு போகிற ஏசி.

"இந்த ஐஸ் தண்ணி ஊத்துற கூலர் போதாதா?" என்று கடையில் நின்ற கூலரைக் காட்டி மெல்ல ஆரம்பித்தார்.

"ஊத்துங்க," என்றாள் கூடவே வந்திருந்த புனிதா. "மாப்பிள்ளைக்கு ஐஸ் தண்ணிய ஊத்திட்டாங்கன்னு சம்பந்தி வீட்டுல நல்லா பேசுவாங்க."

மருதமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒன்றரையே குடுங்க!"

புனிதா கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இத மத்தியானத்துலயும் போடலாமா?"

"எப்ப வேணும்னாலும் போடலாங்க்கா."

"அது போதும்."

வீட்டில் ஏசியை உள்ளே தள்ளியதும் அறைக் கதவு பாதிதான் திறந்தது. துணி அலமாரியை வெளியே இழுத்துக் கூடத்தில் வைத்தார்கள். அது தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நின்றது. சுவிட்சைப் போட்டார். முன்பக்கம் கேமரன் மலைக் குளிர், பின்பக்கம் செங்கல் சூளை. சற்று நேரத்தில் சூளைதான் ஜெயித்தது. சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து, குப்பையோடு கிடந்த வளைந்த குழாய் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "மருது, இது வேணாம்னா நான் எடுத்துக்கட்டா? ஏசிக்காரன் சூட்ட வெளிய தள்ள குடுக்கிறது. எனக்கு ஏதாச்சும் ஒண்ணுக்கு ஆகும்."

மருதமுத்து குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

பின்சந்து ஜன்னலில் இரண்டு கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிக் குழாயை வெளியே விட்டார். அறை ஜில்லென்று ஆனது. சூடு முழுவதும் அடுத்த ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் போனது. அங்கே புனிதா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

கரண்டி பறந்து வரும் என்று தலையைக் குனிந்தபடியே எட்டிப் பார்த்தார். "கடையில திருப்பிக் குடுத்துடறேன், புனிதா."

"அதுல கை வச்சீங்க, தெரியும்!" வியர்வை சொட்டச் சொட்ட முறைத்தாள். "நான் வெந்தாலும் பரவால்ல. நம்ம மாப்பிள்ளைக்காகத்தானே?"

இப்படியொரு மாமியார் எந்த மாப்பிள்ளைக்குக் கிடைப்பாள்! மருதமுத்து குழாயை மறுபக்கம் வளைத்து, ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார். திரும்பி வந்து பார்த்தால் புனிதா மாப்பிள்ளையின் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள்.

"என்ன புனிதா?"

"குளிரு சரியா வருதான்னு பாக்க வேணாமா?" என்றவள், பார்த்தபடியே குறட்டை விட்டாள்.

மருதமுத்து மிச்ச முறுக்கைச் சுட அடுப்பைப் பற்றவைத்து, மின்சாரச் சட்டியில் சோற்றையும் வைத்தார். டப்பென்று வீடு முழுக்கக் கரண்ட் போனது. சோற்றுச் சட்டியை நிறுத்திப் பார்த்தார். மறுபடி போனது. கடைசியில் ஐஸ்பெட்டியை நிறுத்தியபோதுதான் ஏசி நிற்காமல் ஓடியது. ஐஸ்பெட்டியில் தீபாவளி ஆட்டிறைச்சி அத்தனையும் இளகத் தொடங்கியது. கெட்டுப் போகுமுன் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சமைக்க வேண்டியதாயிற்று. சமையலறை கொதித்தது, கூடம் கொதித்தது, மருதமுத்துவும் கொதித்தார். வீட்டில் குளிர்ந்து கிடந்தது அந்தக் கோழிக்கூண்டு அறை ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. சத்தம் கேட்டதும் புனிதா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள்.

கலைமகள் கூடத்தில் அலமாரியைச் சுற்றி வந்து அப்பாவைத் தேடினாள். குகன் அறைக்குள் கால் வைத்ததும், "வாவ்! செம குளிருலா!" என்றார். மருதமுத்துவுக்கு வயிறு நிறைந்தது. பட்ட பாடெல்லாம் பறந்தே போனது.

வயிறு நிறைந்த கையோடு ஜன்னல் பக்கம் பார்த்தார். சூட்டில் ராஃபியா கயிறு இளகி, குழாய் நழுவிக்கொண்டிருந்தது. சூடு உள்ளே வந்தால் மானம் போச்சு! சமையலறைக் கதவு வழியாகப் பின்சந்துக்கு ஓடி, விழ இருந்த குழாயை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. குழாய் கையைச் சுட்டது.

சந்து வழியாகப் போன பிச்சைமுத்து நின்று பார்த்தார். "என்ன மருது, யானையக் குளிப்பாட்டறியா?"

"பேசாம போண்ணே. மாப்பிள்ளை படுக்கப் போறாரு."

அதற்குள் யாரோ பழக்கதோஷத்தில் ஐஸ்பெட்டியைப் போட்டிருக்க வேண்டும். மறுபடியும் டப்! ஏசி அடங்கியது. பின்சந்தே அமைதியானது. மருதமுத்து குழாயை விடவில்லை. கரண்ட் எப்போது வருமோ, யார் கண்டது?

உள்ளே காப்பி டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. புனிதாவின் வளையல் குலுங்கியது. கழற்றிய கண்ணாடிப் பட்டைகளின் இடைவெளியில் குகனின் தாழ்ந்த குரல் தெளிவாக வந்தது.

"நீங்க சொல்லச் சொன்னத அப்படியே சொல்லிட்டேன், ஏசியும் வந்துருச்சு. அடுத்த தடவை எனக்கு எது இல்லாட்டி கண்ணு மூடாதுன்னு சொல்லணும், அத்தை?"